எட்டுப் பல்லுக்கும் கிரவுண் போடும் முன்பு நித்திரையைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு 34 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் கம்பனி ஒன்றில் இரவு வேலை. இடையிடையே பகல் வேலைக்கும் மாற்றுவார்கள். சில மாதங்களாக நித்திரையால் எழும்பும்போது தாடையும் கன்னப்பொட்டும் வலிக்கின்றன. நித்திரையில் நான் பல்லை நெறுமுவதாகவும் குறட்டை விடுவதாகவும் மனைவி சொல்கிறார். தெரிந்த ஒருவர் ஒரு தனியார் பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். அங்கே கடி பிழை, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகப் பொருந்தவில்லை என்றார்கள். பல்லை ராவிச் சரிசெய்து எட்டுக் கடைவாய்ப் பல்லுக்குக் கிரவுண் என்கிற உறை போடவேண்டுமாம், தாமதித்தால் பல்லெல்லாம் போய்விடுமாம். முற்பணமும் கட்டிவிட்டேன். செய்யலாமா?

பதில்: வேண்டாம். இப்போதைக்குக் கட்டாயம் வேண்டாம்.

முதலில் பயத்தை விடுங்கள். பல் நெறுமுகிறவருக்கு ஒரு மாதத்தில் பல்லெல்லாம் போய்விடுவதில்லை. தேய்மானம் வருடக்கணக்கில் நடக்கிற விசயம். இரண்டு மூன்று மாதம் பொறுத்து யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. "இந்தக் கிழமையே தொடங்கவேண்டும்" என்று சொல்பவருக்குத்தான் அவசரம், உங்கள் பல்லுக்கு இல்லை.

நித்திரையில் பல் ஏன் உரசுகிறது? எவ்வளவு நன்றாகத் தூங்கினாலும் இரவில் பல தடவை சில விநாடிகளுக்கு அரைவிழிப்பு வந்து போகும். காலையில் அது நினைவில் இருக்காது. அந்த நேரத்தில் இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கும், உடனே தாடைத் தசை இறுகும், பல்லோடு பல் உரசும். நெறுமுதல் பெரும்பாலும் இந்த ஒழுங்கில்தான் வருகிறது, அதுவும் ஆழமில்லாத நித்திரையில். வளர்ந்தவர்களில் நூறுக்கு எட்டுப் பத்துப் பேருக்கு இது உண்டு. பல் வரிசை பிழையாக இருப்பதால் வருகிறது என்று முன்பு பல் வைத்தியம் படித்த எங்களுக்கும் சொல்லித் தந்தார்கள். ஆராய்ந்து பார்த்ததில் அந்தக் கருத்து நிரூபணமாகவில்லை. தொடங்குகிற இடம் மூளை, பல் அடி வாங்குகிற இடம்.

இப்போது உங்கள் நிலையை யோசித்துப் பாருங்கள். காலை எட்டு மணிக்குப் படுக்கிறீர்கள். காலி வீதியில் ஹோர்ன், கரையோர ரயில், பக்கத்து வீட்டில் தேங்காய் துருவுகிற சத்தம், பத்து மணிக்கே வெக்கை. உடம்புக்குள் இருக்கும் மணிக்கூடு எழும்பச் சொல்லும் நேரத்தில் தூங்கப் பார்க்கிறீர்கள். அப்படிப்பட்ட நித்திரை துண்டுதுண்டாகத்தான் வரும். துண்டு கூடக் கூட அரைவிழிப்பும் கூடும். இதோடு அதிகாலை மூன்று மணிக்குக் குடிக்கிற தேத்தண்ணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும். நீங்கள் படுக்கும்போதும் அதில் பாதி இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சிகரெட்டும் மதுவும் இதே வேலையைச் செய்கின்றன.

வலி எங்கிருந்து வருகிறது என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். காதுக்கு முன்னால், கன்ன எலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும் விரலை வைத்துப் பல்லை இறுக்கிக் கடியுங்கள். கட்டி போல எழும்புவதுதான் தாடைத் தசை. அதை அமத்தும்போது உங்கள் வழக்கமான வலி அப்படியே வந்தால் பிரச்சினை பெரும்பாலும் தசையில். எழும்பியவுடன் வலித்து நேரம் போகப்போகக் குறைந்தால் நித்திரையில் நெறுமுவதாலாக இருக்கலாம். வேலை முடியும் நேரத்தில் கூடினால், கணினிக்கு முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பதாலாக இருக்கலாம். உதடு மூடியிருக்கலாம், பல் தொடக்கூடாது. ஓய்வில் மேலுக்கும் கீழுக்கும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி இருக்கவேண்டும். தாடை மூட்டில் வலியில்லாமல் "டிக்" என்று சத்தம் மட்டும் கேட்டால் அதற்கு வைத்தியமே தேவையில்லை. அதைக் காட்டியும் காசு வாங்குகிற இடங்கள் உண்டு.

சரி, கிரவுண் விசயத்துக்கு வருவோம். இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

கிரவுண் போடுவதென்றால் நல்ல பல்லைச் சுற்றிவர வெட்டவேண்டும், மேற்பக்கத்தில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் வரை. எனாமல் திரும்ப வளராது. வெட்டிய பல்லில் சிலவேளை நரம்பு செத்து, பிறகு வேர் சிகிச்சையும் செய்யவேண்டி வரும். இவ்வளவும் முடிந்த அன்றிரவும் நீங்கள் நெறுமத்தான் போகிறீர்கள். அப்போது கிரவுணின் பீங்கான் உடையும், இல்லாவிட்டால் எதிர்ப்பக்கத்துப் பல்லைத் தேய்க்கும். கடியைச் சரிசெய்கிறோம் என்று அங்கங்கே ராவுவதும் இதே கதைதான். நெறுமுதலை அது நிறுத்தாது, ராவியது திரும்பியும் வராது. கடிக்கும்போது ஒரு குறிப்பிட்ட பல்லில் மட்டும் சுரீரென்று குத்தினால் அதில் வெடிப்பு இருக்கக்கூடும். அந்த ஒரு பல்லுக்குக் கிரவுண் தேவைப்படலாம். எட்டுக்கும் ஒரே நாளில் தேவை வந்தது எப்படி என்று கேட்டுப் பாருங்கள்.

"தெரிந்த ஒருவர் கூட்டிப் போனார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தெரிந்தவருக்கு அங்கே என்ன கிடைத்தது என்று விசாரித்தீர்களா? கொழும்பில் இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. கனடாவிலும் லண்டனிலும் இருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் விட்டுப் பங்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கிழமைக்குள் வாய் முழுக்கக் கிரவுண் கட்டி விமானம் ஏற்றிவிடுவார்கள். பிறகு வலித்தால் யாரிடம் போவது? கூட்டிப்போன அண்ணையின் போன் வேலை செய்யாது. சில இடங்களில் வெளியே போர்ட்டில் ஒரு பெயர், உள்ளே கை வைப்பது பல் செட் செய்யப் பழகிய ஒருவர். பல் வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்திருக்கவேண்டும். பெயரைச் சபையின் இணையத்தளத்தில் தேடலாம். தனியார் கிளினிக்கும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவாகியிருக்கவேண்டும். பதிவுச் சான்றிதழ் எங்கே என்று வரவேற்பில் கேளுங்கள். கேட்பது மரியாதைக்குறைவு என்று எங்கள் ஆட்கள் கூசுகிறார்கள். ஓட்டோவில் மீற்றர் கேட்பதற்குக் கூசுவதில்லையே.

இன்னும் இரண்டு பொறி. அழகு நிலையங்களில் தாடைக்கு பொடொக்ஸ் ஊசி போடுகிறார்கள். அது தசையின் பலத்தை மூன்று நான்கு மாதத்துக்குக் குறைக்கும், நெறுமுதலை நிறுத்தாது, பிறகு திரும்பப் போடவேண்டும். மற்றது இணையக் கடைகளில் விற்கிற, சுடுநீரில் போட்டுக் கடித்துப் பொருத்தும் ரப்பர் கார்ட், அதாவது படுக்கும்போது பல்லில் மாட்டும் கவசம். மெத்தென்று இருப்பதால் சிலர் அதை இன்னும் மும்முரமாகச் சப்புவார்கள். முன்பல்லை மட்டும் மூடுகிற சின்னதுகளும் வருகின்றன. அவற்றை மாதக்கணக்கில் போட்டால் மற்றப் பல் இடம் மாறக்கூடும்.

அப்படியானால் என்ன போடுவது? பல் தேய்வது உண்மையென்றால், அச்சு எடுத்து உங்கள் வாய்க்கென்றே செய்யும் கெட்டி அக்ரிலிக் நைட் கார்ட் போதும். பல் வரிசை முழுவதையும் மூடவேண்டும். போட்ட பிறகு ஒன்றிரண்டு தடவை போய்ச் சரிபார்க்கவும் வேண்டும். வாகனத்தின் பம்பர் போலத்தான் அது. இடியைத் தான் வாங்கும், ஓட்டுகிறவரைத் திருத்தாது. விலை எட்டுக் கிரவுணின் கிட்டேயும் வராது. ஏன் அதை உங்களுக்கு முதலில் சொல்லவில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஆனால் உங்களுக்கு நைட் கார்ட் எழுதித் தரவும் நான் யோசிப்பேன். காரணம் அந்தக் குறட்டை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இதை யாரும் கேட்பதில்லை. சிலருக்குத் தூங்கும்போது தொண்டைக் குழாய் சுருங்கி, மூச்சு பத்து விநாடியோ அதற்கு மேலோ நின்று, திணறி மறுபடி வரும். ஒவ்வொரு திணறலும் ஒரு அரைவிழிப்பு. அப்படிப்பட்ட சிலர் பல்லும் நெறுமுகிறார்கள். இவர்களுக்குச் சாதாரண நைட் கார்டை மாட்டிவிட்டால் மூச்சுத்தடை கூடவும் கூடும். பல்லைக் காப்பாற்றப் போய் மூச்சைக் கெடுத்ததாகிவிடும். ஆகவே மனைவியிடம் கேளுங்கள்: குறட்டை நடுவில் நின்று அமைதியாகி, பிறகு திணறலோடு தொடங்குகிறதா? நீங்களும் யோசியுங்கள்: போதிய நேரம் படுத்தும் வேலையில் கண் சொருகுகிறதா, எழும்பும்போது தலை பாரமா, வாய் காய்ந்து கிடக்கிறதா, இரத்த அழுத்தம் உண்டா, கழுத்துச் சுற்று 40 சென்றிமீற்றருக்கு மேலா? ஒன்றிரண்டுக்கு ஆம் என்றால் முதலில் நித்திரைப் பரிசோதனை. மணித்தியாலத்துக்கு எத்தனை தடவை மூச்சு தடைப்படுகிறது என்று அதில் எண்ணுவார்கள். ஐந்துக்குக் குறைந்தால் பயமில்லை, பதினைந்து வரை இலேசு, முப்பது வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. கடுமை என்றால், தூங்கும்போது முகமூடி வழியே காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டைக் குழாயைத் திறந்து வைக்கும் காற்றழுத்த மெசின். இலேசு, நடுத்தரம் என்றால் கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் கருவியும் உண்டு. பார்வைக்கு நைட் கார்ட் போலவே இருக்கும், ஆனால் வேலை வேறு. ஒன்றைக் காட்டி மற்றதன் விலையை வாங்கிவிடுவார்கள், கவனம்.

பரிசோதனைக்கு அனுப்புவது யார் என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். பல் வைத்தியர் நித்திரையைப் பற்றிக் கேட்பதில்லை. காது மூக்கு தொண்டை வைத்தியர் கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதில்லை. சுவாச நோய் நிபுணரைத் தனியாரில் காசு கட்டிச் சனல் பண்ணினால் (நேரம் பதிந்தால்) இரண்டு மணித்தியாலம் வாசலில் இருந்துவிட்டு ஐந்து நிமிடம் உள்ளே. அரச வைத்தியசாலையில் காசு கட்டத் தேவையில்லை, ஆனால் காத்திருக்கவேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிப்பதே பெரிய காரியம். ஆகவே நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: வேலை நேரம், நித்திரை நேரம், குறட்டை, வலி வரும் நேரம், எடுக்கும் குளிசைகள். மனைவி போனில் பதிந்த குறட்டைச் சத்தம் இருந்தால் இன்னும் நல்லது. மன அழுத்தத்துக்கு ஃபுளுஒக்ஸெட்டின், செர்ட்ரலின் போன்ற குளிசை எடுப்பவராக இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், சிலருக்கு அவற்றாலும் தாடை இறுகும். நீங்களாக நிறுத்தவேண்டாம்.

பல் பக்கத்துக்கு, வார்ட் பிளேசில் இருக்கும் தேசிய பல் வைத்தியசாலைக்குப் போய் இன்னொருவரின் அபிப்பிராயம் கேளுங்கள். கூட்டம் இருக்கும். ஆனால் உங்களுக்கு எட்டுக் கிரவுண் விற்பதால் அங்கே யாருக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை.

இதற்கிடையில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். தேத்தண்ணியை நள்ளிரவோடு நிறுத்துங்கள். அறையை இருட்டாக்குங்கள், காதுக்குப் பஞ்சு வையுங்கள். நித்திரையில் உமிழ்நீர் மிகவும் குறையும், வாயால் மூச்சு விட்டால் இருப்பதும் காய்ந்துவிடும். அந்த நேரத்தில் சீனியும் பிஸ்கட் துணிக்கையும் பல்லில் இருந்தால் சூத்தை வேகமாக வரும், முரசும் கெடும். ஆகவே காலை எட்டு மணியானாலும் படுக்கப் போகும்போது ஃபுளோரைட் பேஸ்டால் தீட்டுங்கள், பிறகு ஒன்றும் சாப்பிடவேண்டாம். புளித்த ஏப்பம் தொண்டை வரை வந்திருந்தால் அரைமணித்தியாலம் விட்டுத் தீட்டுங்கள். வலிக்கு இளஞ்சூட்டு ஒத்தடம், மென்மையான சாப்பாடு. சுவிங்கம் வேண்டாம்.

வாய் உங்கள் மூன்று விரல் அளவுக்குத் திறக்காவிட்டால், முகம் வீங்கினால், தாடை மரத்துப்போனால் காத்திருக்கவேண்டாம். மாடிப்படி ஏறும்போது தாடை வலித்து, வியர்த்து, நெஞ்சு இறுகினால் பல் வைத்தியரிடம் வரவே வேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அது இதயமாக இருக்கலாம்.

முற்பணத்தைப் பற்றி: ரசீது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் இன்றே கேளுங்கள். எந்தெந்தப் பல்லுக்கு, என்ன காரணத்துக்காகக் கிரவுண் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். சம்மதப் படிவம் உங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தால் கையெழுத்து வைக்கவேண்டாம். எடுத்த எக்ஸ்ரேக்குக் காசு கொடுத்தது நீங்கள், பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வார்ட் பிளேசுக்குப் போங்கள். காசைத் திருப்பித் தர மறுத்தால் தனியார் சுகாதார சேவைகளை ஒழுங்குபடுத்தும் சபைக்கு எழுத்தில் முறையிடலாம். கூட்டிப் போனவரை இந்த முறை கூட்டிக்கொண்டு போகவேண்டாம்.