துவாலுவா, கிரிபாட்டியா? முதலில் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்

தம்பி, பசிபிக் தீவு நாடுகளான துவாலுவின் தலைநகர் ஃபுனாஃபூட்டி, கிரிபாட்டியின் தலைநகர் தெற்கு தராவா இரண்டிலும் கணக்கர் வேலை கிடைத்திருக்கிறது, மனைவியும் இரண்டு வயதுக் குழந்தையும் கூட வருகிறார்கள், எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். துவாலுவில் சில வருடம் இருந்துவிட்டு கிரிபாட்டியில் குடியேறியவன் நான். குழந்தையோடு வருவதானால் ஃபுனாஃபூட்டிக்கே போங்கள்.

சம்பளத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டு நாட்டிலும் ஆஸ்திரேலிய டாலர்தான். அரிசி, பருப்பு, கோழி எல்லாம் கப்பலில்தான் வரவேண்டும்; கப்பல் தாமதமானால் வெங்காயம் கண்ணிலேயே படாது. பார்க்க வேண்டியது தண்ணீரை.

ஃபுனாஃபூட்டியில் ஆறு கிடையாது, நிலத்தடி நீரும் குடிக்க உதவாது. கூரையில் விழும் மழையைத்தான் தொட்டியில் பிடித்துவைத்துப் புழங்க வேண்டும். காலையில் எழுந்ததும் தொட்டியை மேலிருந்து கீழாக விரலால் தட்டிக்கொண்டே வருவோம். சத்தம் எங்கே மாறுகிறதோ அதுவரை தண்ணீர் இருக்கிறது. வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊர் என்பதால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். நடுப் பசிபிக் கடல் குளிர்ந்து மழை குறையும் ‘லா நினா’ வருடங்களில்தான் வானம் ஏமாற்றிவிடும். 2011இல் அவசர நிலை அறிவித்து, கடல்நீரைக் குடிநீராக்கும் கருவிகளை விமானத்தில் இறக்க வேண்டியதாயிற்று.

தராவாவில் மழையும் குறைவு, ஜனமும் நெருக்கம். துவாலு முழுவதும் சேர்த்தே சுமார் 11,000 பேர். தெற்கு தராவாவில் மட்டும் 60,000 பேருக்கு மேல். மணலுக்கடியில் உப்புநீரின் மேல் கொஞ்சம் நன்னீர் மிதக்கிறது, ஆனால் கழிவும் அதே மணலுக்குள்தான் இறங்குகிறது. வீட்டுக் கிணற்று நீரைக் காய்ச்சாமல் வாயில் வைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு அடிக்கடி வருகிறது, காசநோயும் அதிகம். வயதுவந்தவர்கள் பழகிக்கொள்ளலாம், இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு அந்தச் சோதனை வேண்டாம்.

மற்றபடி தராவாவில் கடைகள் கூடுதல், வேன் பிடித்தால் மேற்கு முனையிலுள்ள துறைமுக ஊரான பெத்தியோ வரை போய்வரலாம். துவாலுவில் ஏடிஎம் வந்ததே 2025இல்தான். ஆனால் அங்கே தைவான்காரர்கள் நடத்தும் காய்கறித் தோட்டம் ஒன்று உண்டு. சீக்கிரமே போனால் வெள்ளரியும் கீரையும் கிடைக்கும். சூரை மீனுக்கு இரண்டு ஊரிலும் குறைவில்லை. சாயங்காலமானால் ஃபுனாஃபூட்டி விமான ஓடுபாதையே விளையாட்டு மைதானம். விமானம் வரும் நேரத்தில் சங்கு ஊதி எல்லோரையும் விலக்குவார்கள், மற்ற நேரம் பிள்ளைகள் பயமில்லாமல் ஓடலாம். உங்கள் குழந்தைக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம், பெரிய வியாதி என்றால் இரண்டு ஊரிலிருந்தும் ஃபிஜிக்குத்தான் ஓட வேண்டும், விமானமோ தினமும் கிடையாது. கையெழுத்துப் போடுமுன் இரண்டை எழுத்தில் வாங்குங்கள்: தரப்போகும் வீட்டில் தொட்டி எத்தனை லிட்டர், அவசரத்துக்கு ஃபிஜித் தலைநகர் சூவா போக மூன்று பேருக்கும் டிக்கெட் யார் செலவு.