முதுசமா, தேடிய தேட்டமா?

கேள்வி: எங்கள் ஆச்சி சுருட்டைக் கையால் தொட்டதில்லை. போன வருடம் சுவாசப்பைப் புற்றுநோயில் போய்விட்டார். ரிப்போட்டில் 'ஈ.ஜி.எவ்.ஆர் விகாரம்' என்று இருந்தது. பக்கத்து வீட்டு அப்புவோ 87 வயதிலும் திண்ணையில் இருந்து சுருட்டுப் பத்துகிறார். அழற்சிக்குரிய பரம்பரையலகுகள் பிழைத்தால்தான் இந்த நோய் வரும் என்கிறான் தம்பி. நானும் அம்மாவும் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டுமா? அம்மா மூட்டுவலிக்குப் போடும் அழற்சிக் குளிசை இதையும் தடுக்குமா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: முதலில் அந்த ரிப்போட். ஈ.ஜி.எவ்.ஆர் என்பது கலத்தை வளரச் சொல்லும் ஒரு பரம்பரையலகு. ஆச்சியின் கட்டியில் வெட்டியெடுத்த துண்டில் அதில் கண்ட மாற்றம்தான் இந்த விகாரம். எந்த மருந்து கொடுக்கலாம் என்று பார்க்கத்தான் அந்தச் சோதனை. புகைக்காத ஆசியப் பெண்களிடம் இதை அதிகம் காண்கிறோம். வாழ்நாளில் சுவாசப்பைக் கலம் ஒன்றில் புதிதாக ஏற்படுவது அது. பிறப்பிலேயே வருவது மிக அரிது. யாழ்ப்பாணத்துச் சொத்துச் சட்டமான தேசவழமையின் பாஷையில் சொன்னால், பரம்பரையாக வந்த முதுசம் அல்ல, வாழ்நாளில் சேர்த்த தேடிய தேட்டம். அம்மாவுக்கும் உங்களுக்கும் அதில் பங்கில்லை.

தம்பி சொன்னது முழுப் பிழையும் இல்லை. அழற்சி என்பது காயத்துக்கும் கிருமிக்கும் எதிராக உடல் வெண்குருதிக் கலங்களைத் திரட்டுவது. கட்டிகளுக்குள் வெண்குருதிக் கலங்கள் நிற்பதை ஜேர்மன் மருத்துவர் வேர்ஷோ 1863இலேயே கவனித்துவிட்டார். புகை உள்ளே போனால் சுவாசப்பையின் துப்புரவுக் கலங்கள் ஓடிவந்து அதை விழுங்கும். இன்டர்லூக்கின்-1 பீட்டா, இன்டர்லூக்கின்-6 என்று உதவிக்கு ஆள் கூப்பிடும் இரசாயனங்களையும் விடும். எவ்வளவு விடுவது என்பதில் முதுசத்துக்கும் பங்குண்டு. பாம்பைக் கண்டால் ஒரு வீட்டில் பக்கத்து வீட்டுக்காரரை மட்டும் கூப்பிடுவார்கள், இன்னொரு வீட்டில் கோயில் மணியை அடித்து ஊரையே கூட்டுவார்கள். ஊர் கூடினால் வேலியும் பிரியும். பிரிந்ததைத் திரும்பத் திரும்பக் கட்டும்போது, அதாவது கலங்கள் பிரிந்து பெருகும்போது, பிழை விழ இடம் கூடுகிறது.

2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு உங்கள் ஆச்சியை நினைக்க வைத்தது. ஈ.ஜி.எவ்.ஆர் மாற்றம் உள்ள கலங்கள் நோயில்லாத சுவாசப்பையிலும் சும்மா கிடக்கின்றன. காற்றின் நுண்தூசி துப்புரவுக் கலங்களைக் கிளப்ப, அவை விடும் இன்டர்லூக்கின்-1 பீட்டா அந்தத் தூங்கும் கலங்களைத் தட்டி எழுப்புகிறது. எலிகளில் அதைத் தடுத்தபோது கட்டிகள் குறைந்தன.

ஆச்சியின் குசினியில் புகைக்கூடு இருந்ததா? என் அம்மாவுடையதில் இல்லை. மாரியில் ஈரப் பாளையும் பொச்சு மட்டையும் வைத்து, ஊதுகுழலோடு கண் சிவக்கக் குந்தியிருப்பார். கிடுகின் அடியில் கறுத்த ஒட்டடை பாணி போலத் தொங்கும். நெஞ்சுப் படத்தைக் கையில் எடுத்தாலே எனக்கு அந்தக் கூரைதான் ஞாபகம் வரும். வீட்டு விறகுப் புகை அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்றே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது.

அப்புவின் 87 வயதைச் சாட்சிக்கு எடுக்க வேண்டாம். அவரோடு சுருட்டுக் கொட்டிலில் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்று திண்ணையில் இல்லை என்று அவரிடமே கேளுங்கள்.

சோதனை? வேண்டாம். அழற்சிப் பரம்பரையலகு ஒவ்வொன்றும் தனியே செய்யும் வித்தியாசம் சிறிது. ஓர் ஆய்வு கண்டதை இன்னோர் ஆய்வு காணாமல் போன கதைகள் ஏராளம். அந்தக் காசில் புகைக்கூடு கட்டலாம், காஸ் அடுப்பு வாங்கலாம். மூன்று கிழமைக்கு மேல் இருமல் நின்றாலோ சளியில் இரத்தம் கண்டாலோ வைத்தியரிடம் போங்கள். ஆச்சியின் கதையையும், வீட்டில் யாருக்காவது முன்பு கசம் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். கசம் விட்டுப்போன தழும்பும் ஆபத்தைக் கூட்டும்.

அப்புறம் குளிசை. மாரடைப்பு வந்த 10,061 பேரில் இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் ஊசி மருந்தைப் பரிசோதித்தார்கள். 2017இல் முடிவைப் பார்த்தால், மருந்து எடுத்தவர்களிடம் சுவாசப்பைப் புற்றுநோய் குறைந்திருந்தது. உயிரைப் பறிக்கும் கிருமித்தொற்று கூடியிருந்தது. பிறகு, கட்டியை வெட்டி எடுத்த நோயாளிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது பலன் இல்லை. அம்மாவின் குளிசை இந்த ரகமே அல்ல. அவர் அதை மூட்டுவலிக்கே போடட்டும், வெறுவயிற்றில் மட்டும் வேண்டாம்.