கைப்பிடி சுற்றும் ரேடியோ: மழைக்கு முன் வந்த கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் முப்பது வருடம் ரேடியோ பழுது பார்த்தவன் நான். ஐப்பசி பிறந்தால் போதும், சோலார் தகடும், சுற்றினால் மின்சாரம் தரும் கைப்பிடியும், டார்ச்சும் சேர்ந்த ரேடியோவை வாங்கலாமா என்று கேட்டு ஆள் வரும். இந்த வருடம் வந்த கேள்விகளில் சில.

புதுச்சேரி முதலியார்பேட்டையிலிருந்து ஒருவர்: ஐயா, அதுதான் சோலார் இருக்கிறதே, பேட்டரியைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

ஃபெஞ்சல் புயலை மறந்துவிட்டீர்களா அம்மா? 2024 நவம்பர் 30 இரவு உங்கள் ஊர்ப் பக்கம்தான் கரையேறியது. ஏறியதும் போகாமல் அங்கேயே நின்று கொட்டியது. அந்த இருட்டில் சோலார் தகடு என்ன செய்யும்? உள்ளங்கை அகலத் தகடு உச்சி வெயிலிலேயே அரை வாட் கொடுத்தால் பெரிது. உள்ளே 2000 எம்ஏஎச் பேட்டரி இருந்தால், அது நிரம்ப நல்ல வெயில் 15 மணி நேரமாவது வேண்டும்.

தகடு வேண்டாம் என்று சொல்லவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் அடித்த பிறகு எங்கள் தெருவுக்குக் கரண்டு வர 11 நாள் ஆனது. வானம் வெளுத்த பிறகு வரும் அந்த நாட்களுக்குத்தான் தகடு உதவும். புயல் அன்றைக்கு உதவுவது பென்சில் செல். ஆகவே செல் போடும் இடமும் இருக்கிற ரேடியோவாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாததை நான் என் வீட்டுக்கு வாங்க மாட்டேன்.

நெல்லிக்குப்பம் தம்பி: கைப்பிடியைச் சுற்றி போனுக்கு சார்ஜ் ஏற்றலாம் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருக்கிறதே அண்ணே?

ஏற்றலாம், கை கழன்றுவிடும். 5000 எம்ஏஎச் போனில் சுமார் 18 வாட் மணி மின்சாரம் பிடிக்கும். நீங்கள் விடாமல் சுற்றி 2 வாட் எடுத்தாலும் 9 மணி நேரம் ஆகும், வழியில் வீணாவது தனி. அவசரத்துக்கு ஒரு போன் பேசுகிற அளவு ஏற்றலாம், அவ்வளவுதான். ரேடியோவும் சின்ன டார்ச்சும் அப்படியில்லை, கொஞ்ச மின்சாரத்தில் ஓடுபவை. ஒரு நிமிடம் சுற்றினால் சில நிமிடம் செய்தி கேட்கலாம்.

கடையிலேயே ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள். கை ஒரே சீராகப் போக வேண்டும். நடுவில் 'டக்' என்று வழுக்கினால் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்கிறது என்று அர்த்தம். என்னிடம் பழுதுக்கு வந்தவற்றில் பாதிக்குமேல் இந்தக் கோளாறுதான்.

அரியாங்குப்பத்திலிருந்து: எஃப்எம் மட்டும் போதாதா? மீடியம் வேவ் எதற்கு?

நல்ல கேள்வி. எஃப்எம் தெளிவாகக் கேட்கும், ஆனால் அதிக தூரம் வராது. பக்கத்துக் கோபுரம் நின்றுவிட்டால் கதை முடிந்தது. அப்போது மீடியம் வேவில் சென்னை 720 கிலோஹெர்ட்ஸ், திருச்சி 936 என்று தூரத்து நிலையங்களைப் பிடிக்கலாம். புதுச்சேரிக்கு 1215.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் ஊர் மீடியம் வேவ் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, அமெரிக்காவில் 10. அங்கே விற்கச் செய்த டிஜிட்டல் ரேடியோ 930-க்குப் பிறகு 940-க்குத் தாவிவிடும், 936 சரியாக நிற்காது. இடைவெளியை 9-க்கு மாற்றும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். முள் நகரும் பழைய மாதிரிக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

இன்னொன்று. மீடியம் வேவுக்கு நீட்டுகிற ஏரியல் பயன்படாது. அதற்கான ஏரியல் ரேடியோவுக்குள்ளேயே படுத்திருக்கிறது, அதனால் பெட்டியையே மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கான்கிரீட் வீட்டின் நடு அறையில் கொரகொரத்தால் ஜன்னல் ஓரம் போங்கள். இப்போது எல்இடி பல்புகள் செய்கிற இரைச்சலைக் கேட்டு ரேடியோ மோசம் என்று நினைக்காதீர்கள். கரண்டு போனதும் அதுவும் போய்விடும், நம் கெட்ட நேரத்தில் கிடைக்கிற ஒரே நல்லது!

இன்னொருவர்: "வெதர் பேண்ட்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. புயல் செய்தி அதில் வருமா?

வராது. அது அமெரிக்க வானிலை ஒலிபரப்புக்கானது. அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள்.

பரங்கிப்பேட்டை: கடலுக்கு எடுத்துப் போகலாமா?

பாட்டு கேட்க எடுத்துப் போங்கள். ஆபத்தில் கூப்பிட உதவாது, இது கேட்க மட்டும்தான், பேச முடியாது.

தேவனாம்பட்டினம்: போன வருடம் வாங்கி பீரோவில் வைத்தேன், இப்போது உயிரே இல்லை ஐயா.

சும்மா இருந்தாலும் உள்பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் அண்ணாச்சி. அடியோடு காலியாகிக் கிடந்தால் செத்துவிடும். முதலில் வயர் போட்டு சில மணி நேரம் சார்ஜில் விட்டுப் பாருங்கள். பிழைத்தால் இனி இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏற்றுங்கள். பிழைக்காவிட்டால் செல் போட்டு ஓட்டுங்கள்.

செல் போடும் கதவைத் திறந்தீர்களா? உங்கள் வீடு கடலுக்குப் பக்கம், உப்புக் காற்று. ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருந்தால் எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். செல்லை உள்ளே போட்டு வைக்காமல், தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி ரேடியோவோடு சேர்த்து வையுங்கள்.