ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக பிரிட்டனுக்கு ஏன் அத்தனை இழுபறி?

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதைத்தான் பிரெக்ஸிட் என்கிறோம். 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் சுமார் 52% பேர் விலகலாம் என்றார்கள். எப்படி விலகுவது என்று வாக்குச்சீட்டில் கேட்கவே இல்லை. குழப்பத்தின் வேர் அதுதான்.

ஒன்றியத்தின் அடிப்படை விதிகளைச் சொல்லும் லிஸ்பன் ஒப்பந்தத்தின் 50-வது பிரிவுப்படி, விலகல் கடிதம் கொடுத்ததிலிருந்து 2 ஆண்டு கெடு. நீட்டிக்க மற்ற உறுப்பு நாடுகள் அத்தனையும் சம்மதிக்க வேண்டும். நாள் நெருங்க நெருங்க, வெளியேறும் நாட்டுக்குத்தான் பேரம் பேசும் பலம் குறையும். பிரிட்டனோ தனக்கு என்ன வேண்டும் என்று வீட்டுக்குள்ளேயே முடிவாகாமல் 2017 மார்ச் 29-ல் கடிதத்தைக் கொடுத்துவிட்டது. என்னைக் கேட்டால், அவசரக் குடுக்கைத்தனம். அன்றைய பிரதமர் தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தத்தை அவருடைய நாடாளுமன்றமே 2019-ல் 3 முறை நிராகரித்தது.

அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் நிலத்தை அளந்து பிரித்துவிடலாம். சண்டை வருவது பொது வண்டிப்பாதையில். இங்கே அந்தப் பாதை, பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்துக்கும் ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்து நாட்டுக்கும் நடுவே உள்ள எல்லை. அங்கே சரக்குகளைச் சோதிக்கும் சுங்கச் சாவடி போட்டால், வட அயர்லாந்தின் நீண்டகால மோதலை முடித்துவைத்த 1998 அமைதி உடன்பாடு ஆட்டம் காணும். போடாவிட்டால் ஒன்றியத்தின் சந்தைக்குள் சோதனையில்லாமல் சரக்கு நுழையும்.

ஒப்பந்தம் கையெழுத்தானால்தான் வெளியேற முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கெடு முடிந்தால் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் உறுப்பினர் தகுதி தானாகவே போய்விடும்.