அரிப்புக்கெல்லாம் தைலம்தானா?

கொழுந்து எடுத்துவிட்டு வந்தால் கணுக்காலைச் சுற்றித் தடித்துத் தடித்து அரிக்கிறது. நீலகிரித் தைலம் தேய்க்கிறேன். சரியா? – குன்னூர்

ஆவி பிடிக்க வைத்துக்கொள்ளுங்கள். சொறிந்து தோல் உரிந்த இடத்தில் தைலம் பட்டால் எரிச்சல்தான் கூடும். சுண்ணாம்பு இன்னும் மோசம், தோலையே பொசுக்கிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணியைப் பத்து நிமிடம் வையுங்கள். உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரே போதும், ஐஸ் தேட வேண்டாம். அப்புறம் காலமைன் லோஷன். தூக்கம் கெட்டால் பெரியவர்களுக்கு இரவில் செட்டிரிசின் (அலர்ஜி மாத்திரை) 10 மி.கி. ஒன்று. அதைப் போட்டுக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டாதீர்கள்.

அட்டை கடித்து ஒரு வாரமாகியும் அரிக்கிறதே? – கூடலூர்

அரிக்கத்தான் செய்யும். சீழ் வைக்காதவரை பயமில்லை.

ராத்திரியானால் வீட்டில் ஐந்து பேருக்கும் விரலிடுக்கில் அரிப்பு. கம்பளியில் பூச்சியா? – ஊட்டி

சிரங்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். தோலுக்குள் வளை தோண்டும் நுண்ணிய பூச்சியின் வேலை அது. குளிருக்கு ஒரே கம்பளிக்குள் மூன்று பேர் படுத்தால் பரவாமல் என்ன செய்யும்? மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு, பெர்மெத்ரின் 5% கிரீமைக் கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை இரவில் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளியுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி. அரிப்பு இல்லாதவரும் அதே இரவில் பூச வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கேட்டுவிட்டுப் பூசுங்கள். மழைக்காலத்தில் கம்பளி காயாது. பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கினால் பூச்சி செத்துவிடும். பூச்சி போன பிறகும் இரண்டு, மூன்று வாரம் அரிக்கலாம். அதற்காகத் தினமும் பூசாதீர்கள்.

மகன் காதுக்குப் பின்னால் நாயுண்ணி. மண்ணெண்ணெய் வைக்கச் சொல்கிறார் அத்தை. – கோத்தகிரி

வேண்டாம். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுங்கள். நகத்தில் வைத்து நசுக்கக் கூடாது. தேதியைக் குறித்துவையுங்கள், அடுத்த சில வாரத்தில் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் சொல்ல உதவும்.

புதர் வெட்டிப் பத்து நாள். நாலு நாளாகக் காய்ச்சல், தலைவலி. இடுப்பில் ஒரு கருப்புப் பொருக்கு, அரிப்பே இல்லை. – கொடைக்கானல்

இந்தக் கடிதத்தைத்தான் முதலில் பிரித்திருக்க வேண்டும். பீடி நெருப்புச் சுட்டாற்போல நடுவில் கருத்து, ஓரம் சிவந்திருந்தால், புதர்ப் பூச்சியின் குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம். அக்குள், அரை, தொடையிடுக்கு என்று மறைவாகவே கடிக்கும், கடித்தது தெரியாது. டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் நாள் தள்ளினால் நுரையீரல், சிறுநீரகம்வரை போகும். இன்றே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பொருக்கை மறக்காமல் காட்டுங்கள். சட்டையைத் தூக்கிக் காட்டாவிட்டால் யாருக்கும் தெரியாது.