நட்சத்திரம் ஏற்ற ஏணி எதற்கு?

(வீட்டு வயரிங் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, நாகர்கோவிலில் முப்பத்தைந்து ஆண்டுகள் வயர்மேனாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்களுடையது மாடிவீடு. மகன் துபாயில் இருக்கிறான். ஒவ்வொரு டிசம்பரும் கிறிஸ்துமஸுக்குச் சீரியல் லைட் போட ஆள் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. போடவாவது யாராவது வருகிறார்கள், கழற்ற ஒருவரும் வருவதில்லை. போன முறை, தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் வரை மாடியில் தொங்கியது. சுவர் முழுக்க ஆணி அடித்த ஓட்டை வேறு. நானும் மருமகளும் மட்டுமே, ஏணி இல்லாமல், போட்டுக் கழற்ற வழி உண்டா?
– தக்கலை வாசகி

பதில்: சாம்பல் புதன் பரவாயில்லை அம்மா. ஈஸ்டர் வரை தொங்கிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் இரண்டு நான் போட்டுக்கொடுத்தவை. போடக் கூப்பிட்டால் ஓடிப்போவோம், கழற்றக் கூப்பிட்டால் 'நாளைக்கு வாறேன்' என்போம். கழற்றக் கூலி கேட்க எங்களுக்கு வாய் வராது, கொடுக்க வீட்டுக்காரருக்கு மனசு வராது. அதனால் இந்தப் பதிலை ஒரு பழைய பாக்கியைத் தீர்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் விளக்கைச் சுவரில் கட்டுகிறார்கள். அங்கேதான் கோளாறு. விளக்கைக் கயிற்றில் கட்டுங்கள், கயிற்றைச் சுவரில் மாட்டுங்கள். கயிற்றில் கட்டுவது ஆயுளுக்கு ஒரு தடவை, தரையில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே செய்கிற வேலை. வருடாவருடம் செய்யவேண்டியது மாட்டுவதும் எடுப்பதும் மட்டும்.

கயிறுக்கு நைலான் வேண்டாம். மழையில் நனைந்தால் தொய்ந்துவிடும். குளச்சல், முட்டம் பக்கத்துக் கடைகளில் வலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் கயிறு கிடைக்கும். அது தண்ணீர் குடிக்காது. 4 மி.மீ. தடிமன் தாராளம். மாடிக் கைப்பிடிச்சுவரின் நீளத்தை அளந்து வெட்டிக்கொள்ளுங்கள். மூன்றடிக்கு ஒன்றாக, ஒன்றேகால் அடி நீளத்தில் ஒரு வால் முடிந்து, வால் நுனியில் ஒரு கண்ணி போடுங்கள். கைப்பிடிச்சுவர் 9 அங்குலம் என்றால் இந்த வால் சுவரைத் தாண்டி உள்பக்கம் வந்துவிடும்.

கொக்கிகள் உள்பக்கச் சுவரில்தான். இதுதான் ஏணியை ஒழிக்கிற இடம். மொட்டைமாடியில் நின்றபடி கயிற்றை வெளியே தொங்கவிட்டு, கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கொக்கியில் போட்டுக்கொண்டே நடந்தால் முடிந்தது. வெளிச்சுவரில் ஒரு ஓட்டை கிடையாது. உள்ளே 6 மி.மீ. துளை போட்டு, திருகாணி பிடிக்கிற பிளாஸ்டிக் பிளக் இறக்கி, எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டீல்) கொக்கியைத் திருகச் சொல்லுங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் சாதாரண இரும்புக் கொக்கி ஒரு மழைக்காலம் தாண்டினாலே சுவரில் துருக்கண்ணீர் வடிக்கும். கைப்பிடிச்சுவரின் தலையில் மட்டும் துளை போட விடாதீர்கள், தண்ணீர் இறங்கும்.

சீரியல் செட்டைக் கயிற்றோடு கட்ட பிளாஸ்டிக் டை போதும், கறுப்பு நிறத்தில் வாங்குங்கள். வெள்ளை டை வெயிலில் சீக்கிரம் நொறுங்கிவிடும். கட்டுக்கம்பி கூடவே கூடாது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் வீட்டு கேட்டில் சீரியல் செட்டைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினேன். அன்று ராத்திரி தூறல். பூசை முடிந்து வந்த அம்மா கேட்டைத் தொட்டுவிட்டு, "ஏலே மக்கா, கேட்டு சுர்ருங்குதுலே" என்றாள். கம்பி அந்த மெல்லிசு வயரின் தோலைக் கடித்து, கேட் முழுக்கக் கரண்ட். காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் சுர்ரோடு போயிற்று. அதற்கப்புறம் இரும்பு கேட்டிலும் கிரில்லிலும் நான் சீரியல் லைட் போட்டதே இல்லை. எவ்வளவு கெஞ்சினாலும்.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. மாடிப்படி அறைக்குள், மழை படாத இடத்தில், ஒரு பிளக் பாயின்ட் வைத்து அதன் சுவிட்சைக் கீழே வரவேற்பறையில் கொடுக்கச் சொல்லுங்கள். மெயின் போர்டில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் சீரியல் லைட் அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம், முதலில் அதைப் போடுங்கள். அன்று எங்கள் வீட்டில் அது இருந்திருந்தால், அம்மா உடம்பில் ஆபத்தான அளவு கரண்ட் பாய்ந்தாலும் உடனே லைன் கட்டாகியிருக்கும்.

எடுக்கும்போது கடைசி முனையிலிருந்து சுற்ற ஆரம்பியுங்கள். அப்போதுதான் பிளக் வெளிப்பக்கம் நிற்கும், அடுத்த டிசம்பரில் முதலில் கைக்கு வரும், சுற்றைப் பிரிக்காமலே எரிகிறதா என்று பார்த்துவிடலாம். இரண்டடி பி.வி.சி. பைப் துண்டில் எட்டுப்போல் சுற்றினால் சிக்கு விழாது. நன்றாகக் காயவைத்து, மூடியுள்ள வாளியில் போட்டு, 'முன்பக்கம்', 'கிழக்கு' என்று எழுதி ஒட்டுங்கள். பரணில் சும்மா போட்டால் எலிக்குத்தான் கிறிஸ்துமஸ்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் கழற்றத்தான் இவ்வளவும் என்று நினைக்கவேண்டாம். நமக்கு டிசம்பர் மழைக்காலம். ஒக்கி புயல் வந்தது 2017 நவம்பர் 30, நட்சத்திரம் கட்டத் தொடங்குகிற நேரம். காற்று எச்சரிக்கை வந்தால் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மாமியாரும் மருமகளுமாகப் பத்து நிமிடத்தில் சுருட்டி உள்ளே வைத்துவிட முடியவேண்டும்.

கேள்வி: பெரிய நட்சத்திரத்தை மாடிக்கு மேலே உயரமாகத் தொங்கவிட ஆசை. பல்ப் போனால் மாற்றுவது எப்படி?
– கருங்கல் வாசகர்

பதில்: கோவில் கொடியேற்றம் பார்த்திருப்பீர்களே, அதேதான். மாடியில் ஒரு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை நிறுத்தி, உச்சியில் சின்னக் கப்பி ஒன்று. கயிற்றை இழுத்தால் நட்சத்திரம் ஏறும், விட்டால் இறங்கும். எடையைக் கயிறு தாங்கவேண்டும், வயர் தாங்கக்கூடாது. வயர் தளர்வாகக் கூடவே போகட்டும். பைப் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் மின்கம்பி எதுவும் போகக்கூடாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பல்ப் 9 வாட் எல்.இ.டி. போதும். அந்தக் காலத்தில் பேப்பர் ஸ்டாருக்குள் 60 வாட் குண்டு பல்ப் போட்டு, பாதிராத்திரியில் நட்சத்திரம் உண்மையிலேயே எரிந்த கதை எங்கள் தெருவிலேயே உண்டு.

கேள்வி: வாடகை வீடு. ஓட்டை போட்டால் வீட்டுக்காரர் திட்டுவார். ஒட்டுகிற கொக்கி தாங்குமா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: சுண்ணாம்புச் சுவரிலும் டிஸ்டெம்பர் சுவரிலும் தாங்காது தம்பி. முதல் மழைக்கே சுண்ணாம்பையும் பெயர்த்துக்கொண்டு விழும், ஓட்டைக்கு விழுகிற திட்டைவிட அதிகம் விழும். கைப்பிடிச்சுவரின் அகலத்தை அளந்துகொண்டு ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போங்கள். சுவரின் மேல் கவிழ்த்து மாட்டுகிற மாதிரி பட்டைக்கம்பியை 'ப' வடிவில் வளைத்து, உள்பக்கம் ஒரு வளையம் வைத்துத் தரச் சொல்லுங்கள். பெயின்ட் அடித்து, சுவரில் படும் பக்கம் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிவிட்டால் கீறல் விழாது. மேலே சொன்ன கயிற்றின் கண்ணிகளை அந்த வளையத்தில் மாட்டிக்கொள்ளலாம். வீடு மாறும்போது கூடவே வரும்.

கேள்வி: ஒரே பிளக்கில் பன்னிரண்டு எல்.இ.டி. செட் போடலாமா?
– மார்த்தாண்டம் வாசகர்

பதில்: லோடு ஒரு பொருட்டே இல்லை. செட் ஒன்றுக்கு 8 வாட் என்றாலும் மொத்தம் 96 வாட், 230 வோல்ட்டில் அரை ஆம்பியர்கூட வராது. சங்கடம் இணைப்புகளில்தான். ஒன்றின் வாலில் ஒன்றாகப் பன்னிரண்டைக் கோத்தால் எங்காவது ஒரு பின் லூசாகத்தான் இருக்கும். மூன்று மூன்றாகப் பிரித்து, நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கொடுங்கள். அரைமணி நேரம் எரிந்தபின் சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்குகளைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருப்பதை மாற்றுங்கள். வெளியே வரும் இணைப்பு எதுவும் தரையில் கிடக்கக்கூடாது. இணைப்புக்குச் சற்று முன்னால் வயரைக் கொஞ்சம் வயிறு தொங்குகிற மாதிரி விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலை இணைப்பின் மேல் குடைபோலக் கவிழ்த்துவிடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ராத்திரியில் யாருக்குத் தெரியப்போகிறது?