நீங்கள் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தீர்களா? – விக்கிப்பீடியா கேள்வி பதில்

சான்று, புரளி, பதிப்புரிமை ஆகிய மூன்றையும் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். வார்ப்புரு (பக்கங்களில் இடும் ஆயத்தக் குறிப்பு) உடைந்துவிட்டது, தானியங்கி (தானாகத் தொகுக்கும் நிரல்) ஓடவில்லை என்று எழுதியவர்கள் நுட்பம் தெரிந்தவர்களைப் பிடியுங்கள், எனக்கு அது வராது. ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டிருந்தால் ஒருவருக்குத்தான் விரிவான பதில்.

கல்லூரி மாணவர், திருச்சி: ஆங்கில விக்கிப்பீடியாவில் நடக்காத போரைப் பற்றி ஒரு கட்டுரை பல வருடம் இருந்ததாமே, உண்மையா ஐயா? யாருமே கவனிக்கவில்லையா?

உண்மைதான். ‘பிச்சோலிம் மோதல்’ என்று பெயர். கோவாவில் 1640–41இல் போர்த்துக்கீசியருக்கும் மராட்டியப் பேரரசுக்கும் போர் நடந்ததாக 2007 ஜூலையில் ஒருவர் எழுதினார். அதே ஆண்டு செப்டம்பரில் அதற்கு, மற்ற பயனர்கள் பரிசீலித்துத் தரும் ‘நல்ல கட்டுரை’ என்ற தகுதியும் கிடைத்தது. 2012 டிசம்பரில்தான் ஒரு பயனர் அதில் காட்டியிருந்த நூல்களைத் தேடிப் பார்த்தார். நூல்களே இல்லை. கட்டுரை நீக்கப்பட்டது.

யாரும் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. நிறையப் பேர் பார்த்தார்கள். அடிக்குறிப்பு இருக்கிறதா, நடை ஒழுங்காக இருக்கிறதா, இணைப்புகள் சரியா என்று பார்த்தார்கள். அடிக்குறிப்பில் உள்ள புத்தகம் உலகத்தில் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இத்தனைக்கும் புத்தகத்தைத் தேடவே வேண்டாம். சிவாஜி பிறந்தது 1630இல், முடிசூடியது 1674இல். அப்படியென்றால் 1640இல் மராட்டியப் பேரரசு எங்கிருந்து வந்தது? பத்து வயதுப் பையனா படை நடத்தினான்? பிச்சோலிம் என்ற ஊர் உண்மையாகவே இருக்கிறது, போர்த்துக்கீசியரும் மராட்டியரும் பின்னாளில் உண்மையாகவே மோதினார்கள். பொய் அந்த உண்மைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்ததால்தான் தப்பித்தது.

சீன விக்கிப்பீடியாவில் நடந்தது இதைவிடப் பெரிது. இடைக்கால ரஷ்யாவைப் பற்றி ஒரே பயனர் இருநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகக் கற்பனையில் எழுதி வந்தார். 2022இல் ஒரு நாவலாசிரியர் தன் கதைக்காகக் காஷின் என்ற ஊரின் வெள்ளிச் சுரங்கத்தைப் பற்றித் துருவியபோது அந்தப் பயனர் மாட்டிக்கொண்டார். சான்றுகள் ரஷ்ய மொழியில் இருந்தன, படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. நம் தமிழ் விக்கிப்பீடியாவிலும் இந்த ஓட்டை உண்டு. கல்வெட்டு எண், ஓலைச்சுவடி, போர்த்துக்கீசியப் பாதிரியார் குறிப்பு என்று ஏதாவது எழுதியிருந்தால் மரியாதையாக ஒதுங்கிப் போய்விடுகிறோம்.

அதனால்தான் ஓயாமல் சொல்கிறேன்: நீங்கள் திறந்து படிக்காத நூலை மேற்கோளாகப் போடாதீர்கள். மேற்கோள் போட்டால் ‘இந்தப் பக்கத்தில் இது இருக்கிறது, நான் பார்த்தேன்’ என்று நீங்கள் கையெழுத்துப் போட்டதாக அர்த்தம்.

புதுப் பயனர், ஈரோடு: சந்தேகம் வந்தால் எப்படிச் சோதிப்பது? எங்களுக்குப் பெரிய நூலகம் எல்லாம் கிடையாது.

முதலில் ஆண்டுகளைப் பாருங்கள். மேலே சொன்ன கதையில் அது ஒன்றே போதும். அடுத்து ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தில் அச்சிடும் அடையாள எண். அந்த முறை 1970 வாக்கில்தான் வந்தது. 1958 பதிப்பு என்று எழுதி அதற்கு ஐஎஸ்பிஎன் போட்டிருந்தால், கையில் இருப்பது மறுபதிப்பாக இருக்கலாம், இல்லாவிட்டால் யாரோ அளந்துவிட்டிருக்கிறார்கள். 13 இலக்கங்களையும் மாறி மாறி 1, 3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் விடை பத்தால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். வகுபடவில்லை என்றால் எண்ணில் ஏதோ தவறு. வகுபட்டாலும் அந்த எண் இந்தப் புத்தகத்துக்கு உரியதுதானா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

தமிழ் நூல் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ரோஜா முத்தையா நூலகத்தின் பட்டியல், ஈழத்து நூல் என்றால் நூலகம் தளம். எல்லாம் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கல்வெட்டு என்றால் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளில் பல மின்வடிவில் கிடைக்கின்றன. தொகுதியும் எண்ணும் இல்லாமல் ‘ஒரு சோழர் கல்வெட்டு கூறுகிறது’ என்று இருந்தால் நான் நம்ப மாட்டேன்.

சாட்ஜிபிடி எழுதித் தந்ததை ஒட்டுகிறவர்கள் இப்போது அதிகம். அது ஆசிரியர், பதிப்பகம், பக்க எண் எல்லாம் அழகாகக் கொடுக்கும், புத்தகம் மட்டும் இருக்காது. சரிபார்க்காமல் ஒட்டிய இத்தகைய பக்கங்களை உடனடியாக நீக்கவே 2025இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் தனி விதி கொண்டுவந்தார்கள்.

சந்தேகம் உறுதியானாலும் நீங்களே வெற்றுப் பக்கமாக்கிவிடாதீர்கள். கட்டுரையோடு சேர்ந்த பேச்சுப் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள், சான்று கேட்கும் வார்ப்புருவை இடுங்கள், ஆலமரத்தடியில் (தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கம்) ஒரு வரி சொல்லுங்கள்.

இதழியல் மாணவி, சென்னை: நாளிதழில் வந்த செய்தி போதுமான சான்றுதானே?

பெரும்பாலும் போதும். ஆனால் தேதியைப் பாருங்கள். 2009 பிப்ரவரியில் ஜெர்மனியில் குட்டன்பெர்க் என்பவர் பொருளாதார அமைச்சரானார். அவருக்கு ஏற்கெனவே ரயில் நீளத்துக்கு முன்பெயர்கள். யாரோ ஒருவர் ஜெர்மன் விக்கிப்பீடியாவில் ‘வில்ஹெல்ம்’ என்று இன்னொன்றைச் செருகினார். ‘பில்ட்’ நாளிதழ் அதை முதல் பக்கத்தில் அச்சிட்டது. விக்கிப்பீடியாவில் ‘இதற்குச் சான்று எங்கே?’ என்று கேட்டபோது, ‘ஷ்பீகல்’ இணையதளத்தில் வந்திருக்கிறதே என்று காட்டினார்கள். ஷ்பீகலுக்கு அது எங்கிருந்து கிடைத்தது? விக்கிப்பீடியாவிலிருந்து! ஆகவே கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, அந்த வரி எப்போது நுழைந்தது, செய்தி எப்போது வந்தது என்று ஒப்பிடுங்கள். செய்தி பிந்தியது என்றால், அது நம்மைப் பார்த்து எழுதப்பட்டதா என்று சந்தேகியுங்கள்.

‘இந்தியா முழுக்கச் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரனையும் திருடனையும் பார்க்கவில்லை’ என்று மெக்காலே 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசினாரே, அதைச் சேர்க்கலாமா?

கூடாது. மெக்காலே 1834இல் மெட்ராஸில் வந்து இறங்கினார், 1838இல்தான் ஊர் திரும்பினார். நீங்கள் சொல்லும் தேதியில் அவர் கல்கத்தாவில் கல்விக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். லண்டனில் எப்படிப் பேசியிருப்பார்?

கூகுளில் கிடைத்த படத்தைப் போடலாமா?

கூடாது.

நன்றி என்று போட்டுவிட்டுப் போடலாமா?

கூடாது. நன்றி உரிமம் ஆகாது.

தமிழாசிரியர், தஞ்சாவூர்: நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள் என்றால் எல்லாவற்றையும் விக்கிமூலத்தில் (விக்கிப்பீடியாவின் நூலகத் தளம்) ஏற்றலாம் அல்லவா?

நல்ல கேள்வி ஐயா, இதில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பாரதியின் எழுத்தை 1949இல் அரசு வாங்கியதில் தொடங்கிய வழக்கம் இது. நாட்டுடைமை நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற உரிமத்தில் தந்ததால்தான் தமிழ் விக்கிமூலம் இவ்வளவு வளர்ந்தது.

ஆனால் நாட்டுடைமை ஆவது அந்த எழுத்தாளரின் எழுத்து மட்டுமே. பின்னால் வந்த பதிப்பாசிரியரின் முன்னுரை, இன்னொருவரின் உரை, அட்டை ஓவியம் எல்லாம் அவரவருக்கு உரியவை. ‘பொன்னியின் செல்வ’னையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமை. அவர் 1954இல் மறைந்ததால், ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு என்ற இந்தியச் சட்டக் கணக்கிலும் 2014 முடிவோடு உரிமை தீர்ந்தது. ஆனால் இதழில் தொடராக வந்தபோது மணியம் வரைந்த ஓவியங்கள்? மணியம் மறைந்தது 1968இல். 2028 முடியும்வரை காத்திருக்க வேண்டும். வந்தியத்தேவன் வசனத்தைத் தாராளமாக ஏற்றுங்கள், வந்தியத்தேவன் முகத்தை ஏற்றாதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: இலங்கைக்கும் அதே 60 தானா?

இல்லை, 70. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டம்.

எங்கள் ஊர்ச் சந்தியில் உள்ள சிலையை நானே படம் எடுத்தேன். ஏற்றலாமா?

இந்தியாவில் பொது இடத்தில் நிலையாக வைத்த சிலையைப் படமெடுக்கச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. சுவரோவியத்துக்கும் விளம்பரப் பலகைக்கும் அந்தச் சலுகை இல்லை.

என் கட்டுரையை ஏன் நீக்கினீர்கள்?

நீக்கல் குறிப்பில் காரணம் இருக்கும், படியுங்கள். உங்களைப் பற்றி நீங்களே எழுதியது என்றால் அதுதான் காரணம்.

திருவண்ணாமலைப் பக்கம்: எங்கள் ஊரில் நான்கு தலைமுறையாகத் தெருக்கூத்து ஆடுகிறார்கள். ஒரு புத்தகத்திலும் அவர்கள் பெயர் இல்லை. வாத்தியார் வாயால் சொன்னதைச் சான்றாக வைத்து எழுதினேன், நீக்கிவிட்டார்கள். இது நியாயமா அண்ணா?

நியாயம் வேறு, விதி வேறு தம்பி. நாம் நேரில் கேட்டதைக் கட்டுரையில் எழுதினால் அது நம் சொந்த ஆய்வு ஆகிவிடும். வாசகர் சரிபார்க்க வழி இல்லை. இந்தக் குறையை நினைத்துத்தான் 2011இல் ‘வாய்மொழிச் சான்று’ என்று ஒரு முயற்சி நடந்தது. மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபெடி ஆகிய மொழிகளில் ஊர்க்காரர்களிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்து, அதையே மேற்கோளாக வைத்தார்கள். நல்ல முயற்சிதான், ஆனால் பொது விதியாகவில்லை.

வேறொருவர், மதுரை: இதை நான் ஏற்கவில்லை. தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி வெள்ளைக்கார அதிகாரி எட்கர் தர்ஸ்டன் எழுதிய ஏழு தொகுதிகளைக் கண்ணை மூடிக்கொண்டு மேற்கோள் காட்டுகிறீர்கள். அவரும் ஊர் ஊராகப் போய் யாரையோ கேட்டுத்தானே எழுதினார்? வெள்ளைக்காரர் கேட்டால் சான்று, பேரன் கேட்டால் புரளியா?

சரியான அடி. தர்ஸ்டனை யாரும் கண்ணை மூடிக்கொண்டு காட்டக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடு. 1909இல் ஓர் அதிகாரி இப்படி எழுதினார் என்பதற்குத்தான் அது சான்று, அந்தச் சாதி அப்படித்தான் என்பதற்கு இல்லை. ஆனாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. தர்ஸ்டன் எழுதியது அச்சில் நிற்கிறது. நூறு வருடமாக ஆய்வாளர்கள் அதோடு சண்டை போடுகிறார்கள், அந்தச் சண்டையையும் நாம் மேற்கோள் காட்ட முடிகிறது. உங்கள் தாத்தா என்னிடம் சொன்னதோடு யார் சண்டை போடுவது?

அதே மதுரைக்காரர்: அச்சில் ஏற வசதி இருந்தவனின் வரலாறுதான் மிஞ்சும் என்கிறீர்கள்.

ஆமாம், இன்றைக்கு நிலைமை அதுதான், எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் கதவைத் திறந்துவிட்டால் முதலில் உள்ளே வருவது கூத்து வாத்தியார் இல்லை. எந்த ஊர்க் கோயில் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். முதல் மரியாதை யாருக்கு, தேரை முதலில் இழுப்பது எந்தத் தெரு, கோயிலைக் கட்டியவர் எந்தச் சாதி என்று மோதிக்கொண்டிருப்பார்கள். இரண்டு தரப்பும் ஆளுக்கொரு தாத்தாவைக் கூட்டிவரும். கைப்பேசியில் பதிவும் இருக்கும். நிருவாகி எந்தத் தாத்தாவை நம்புவது? நாங்கள் அங்கே பஞ்சாயத்து பண்ணப் போனால் அடுத்த வாரம் எங்கள் சாதியைத் தோண்டுவார்கள்.

யாழ்ப்பாணத்துக்காரர் மீண்டும்: நூலக நிறுவனம் வாய்மொழி வரலாறுகளைப் பதிவுசெய்து ஆவணப்படுத்துகிறதே. அதையும் ஏற்க மாட்டீர்களா?

அது வேறு. பொறுப்பேற்க ஒரு நிறுவனம் இருக்கிறது, யார் எப்போது பேசினார் என்ற விவரம் இருக்கிறது, யாரும் போய்க் கேட்கலாம். ‘இவர் இவ்வாறு கூறுகிறார்’ என்று பெயர் சொல்லிப் பயன்படுத்துவதை நான் எதிர்க்க மாட்டேன். எல்லா நிருவாகிகளும் ஒப்புக்கொள்வார்கள் என்று உறுதி தர முடியாது.

திருவண்ணாமலைத் தம்பிக்கு நான் சொல்வது இதுதான். பக்கத்துக் கல்லூரித் தமிழ்த்துறையில் நாட்டார் வழக்காறு நடத்துகிறவர் யாராவது இருப்பார், அவரிடம் அந்த வாத்தியாரை அழைத்துப் போங்கள். அவர் ஓர் ஆய்விதழில் எழுதட்டும். பிறகு நாம் எழுதலாம்.

இடையில் வந்தவை

ஆசிரியர் வாட்ஸ்அப்பில் ‘போட்டுக்கொள்ளுங்கள்’ என்றார், போதுமா? போதாது. விக்கிப்பீடியாவுக்கு மட்டும் தரும் அனுமதி செல்லாது. யாரும், வணிகத்துக்கும்கூட, பயன்படுத்தலாம் என்று உரிமத்தின் பெயர் சொல்லி அவரே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்.

விக்கிப்பீடியாக் கட்டுரைகளை அச்சிட்டு ஒருவர் விற்கிறார். விற்கலாம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும், தன் பதிப்பையும் அதே உரிமத்தில் விட வேண்டும். குறிப்பிடவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள்.

ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்தால் அதன் மேற்கோள்களை அப்படியே கொண்டுவரலாமா? திறந்து பார்த்தீர்களா? பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள்.

கூகுள் படம்: மேலே பார்க்க.

முகநூல் படம்: அதுவும்தான்.

திருவண்ணாமலைத் தம்பி கடைசியாக: சரி அண்ணா, கல்லூரியில் பேசுகிறேன். அதுவரை கூத்தைப் படம்பிடித்துப் பொதுவகத்தில் (விக்கிப்பீடியாவின் படம், காணொளிக் கிடங்கு) ஏற்றி வைக்கலாமா?

ஏற்றலாம், கட்டாயம் செய்யுங்கள். எம்பி4 கோப்பை அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வெப்எம் ஆக மாற்றுங்கள். படம்பிடித்தவர் நீங்கள் என்றாலும் ஆடுகிறவர்களுக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு, இந்தியாவில் 50 ஆண்டு. ஆகவே வாத்தியாரிடமும் குழுவிடமும் உரிமம் என்றால் என்ன, இதை யாரும் எடுத்து விற்கக்கூட முடியும் என்பதை விளக்கிச் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். நடுவில் சினிமாப் பாட்டு மெட்டு வந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். விவரப் பக்கத்தில் ஊர், நாள், கூத்தின் பெயர், அடவு கட்டியவர் பெயர், மத்தளம் வாசித்தவர் பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஏற்றியதும் என் பேச்சுப் பக்கத்தில் இணைப்பைப் போடுங்கள், பகுப்பை நான் சேர்த்துவிடுகிறேன்.